இலவசப் பொருளுக்கும் ஒரு விலை உண்டு

வியாபாரம் செய்யும் எவருக்கும் தேங்கிய சரக்கு என்றால் என்னவென்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வாங்கி வைத்தோம், விற்கவில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, போட்ட பணமும் முடங்கிப் போனது. வருட இறுதியில் கையிருப்பை எண்ணும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் இதே தேங்கிய சரக்கு நமது வீடுகளிலும் இருக்கிறது என்பதை நம்மில் பலர் கணக்கில் எடுப்பதில்லை. புதிய குளிர்சாதனப் பெட்டி வந்த பின் மூலையில் தள்ளப்பட்ட பழையது, பிள்ளைகள் வளர்ந்த பின் மடித்து வைத்த தொட்டில், கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்து பெட்டி பிரிக்காமலே இருக்கும் மூன்றாவது தேநீர் செட், அலுமாரியின் மேல் தட்டில் அடுக்கிய போர்வைகள் என்று பட்டியல் நீளும்.

இவற்றை இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம் சமூகத்தில் தாராளமாகவே இருக்கிறது. குறை எண்ணத்தில் இல்லை, முறையில்தான் இருக்கிறது. வீட்டுப் பாவனைப் பொருள் வியாபாரத்தில் 20 வருடங்களுக்கு மேல் இருப்பவன் என்ற வகையிலும், எமது மஹல்லாவில் சில வர்த்தகர்கள் சேர்ந்து செய்துவரும் இத்தகைய ஒரு சிறு பணியில் பங்கெடுப்பவன் என்ற வகையிலும் நான் கண்ட ஒரு விடயத்தை இந்த வாரம் சக வர்த்தகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உபரிப் பொருட்களைப் பகிர்ந்தளிப்பதும் ஒரு சரக்கு விநியோக வேலைதான். அதற்கும் கேள்வி, வழங்கல், போக்குவரத்து, தரம், கணக்கு என்று எல்லாம் உண்டு. இவற்றைக் கவனிக்காமல் கொடுத்தால் நல்ல எண்ணத்தோடு கொடுத்த பொருளே ஏழைக் குடும்பத்துக்குச் சுமையாகிவிடும்.

தேவை எவ்வளவு?

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை எவரும் மறந்திருக்க முடியாது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2019இல் இலங்கையில் 100 பேரில் சுமார் 11 பேர் வறுமையில் இருந்தார்கள். 2023இல் அது 100க்கு 26 பேர் என்ற அளவுக்கு உயர்ந்தது. அதாவது நால்வரில் ஒருவர்.

பணவீக்கம் பின்னர் குறைந்தது உண்மைதான். ஆனால் பணவீக்கம் குறைந்தது என்றால் விலை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே அதன் அர்த்தம். இது நமக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் விலைச் சீட்டை ஒட்டுபவர்கள் நாம்தான். அந்த இரண்டு மூன்று வருடங்களில் பல குடும்பங்கள் சாப்பாட்டுக்காக வீட்டுப் பொருட்களை விற்றன, அல்லது பழுதானதைத் திருத்தாமல் விட்டன. உழைப்பு மீண்டும் கிடைத்தாலும் முதலில் அரிசி, பிள்ளையின் வகுப்புக் கட்டணம், மின்சாரப் பட்டியல் என்றுதான் பணம் போகும். உடைந்த மின்விசிறிக்கு முறை வருவதே இல்லை.

இதற்கு மேல் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். உயிர் தப்பிய குடும்பங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் மெத்தை முதல் சமையல் பாத்திரம் வரை ஒரே இரவில் இழந்தன. வெள்ளம் வடிந்த வீட்டில் சுவர் இருக்கும், கூரை இருக்கும், உள்ளே ஒன்றுமிருக்காது. சமைத்த உணவுப் பொதி சில நாட்களுக்கு வரும். பிறகு அது நின்றுவிடும். அடுப்பும் சட்டியும் இல்லாத வீட்டுக்கு உலருணவுப் பொதி கொடுத்து என்ன பயன்?

கையில் இருப்பதிலிருந்து அல்ல, கேட்பதிலிருந்து தொடங்குவோம்

சந்தையில் என்ன கேள்வி இருக்கிறது என்று பார்க்காமல் கொள்கலன் இறக்குபவரை நாம் வியாபாரி என்று சொல்வதில்லை. ஆனால் உதவி என்று வந்துவிட்டால் நம்மில் பெரும்பாலானோர் செய்வது அதைத்தான். நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதை மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறோம்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் நடந்ததை கரையோர மக்கள் அறிவார்கள். உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பழைய உடுப்புகள் மலைபோல் வந்து குவிந்தன. வெப்பமான நம் கரையோரத்துக்குக் குளிர்கால மேலங்கிகள்கூட வந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க ஆளில்லை, வைக்க இடமில்லை, மழையில் நனைந்து குப்பையானது ஏராளம். தமிழ்நாட்டின் கரையோரத்திலும் இதே கதைதான். அங்கே குவிந்து கிடந்த ஆடைகளைத் தரம் பிரித்துப் பயனுள்ளதாக்கும் வேலையைப் பின்னர் கூஞ்ச் என்ற இந்திய அமைப்பு கையிலெடுத்தது. அந்த அமைப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எமது அனுபவத்தில், ஏழைக் குடும்பங்களிடம் உங்கள் வீட்டுக்கு என்ன தேவை என்று கேட்டால் உடுப்பு என்ற பதில் மிகக் குறைவாகவே வருகிறது. உடுப்பு ஏதோ ஒரு வழியில் வந்துவிடுகிறது. அடிக்கடி வரும் பதில்கள் வேறு. பிள்ளை படிக்க ஒரு மேசையும் கதிரையும், வயதான தாய்க்குத் தரையில் படுக்காமலிருக்க ஒரு கட்டில், மின்விசிறி, தண்ணீர் சேமிக்க மூடியுள்ள வாளி, சோறு ஆக்கப் பெரிய சட்டி, துணி வைக்கப் பூட்டுள்ள அலுமாரி. குமர் காரியம் நடக்கவிருக்கும் வீடென்றால் ஒரு புதுக் குடும்பத்துக்கு வேண்டிய முழுக் குசினிச் சாமான். சிறு தொழில் செய்யும் பெண்கள் தையல் இயந்திரமும் இடியப்பத் தட்டும் கேட்கிறார்கள். கொழும்பின் நெரிசலான தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் வாழும் குடும்பத்துக்கு ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேசை உதவியே அல்ல, வாசலை மறிக்கும் தடை. அங்கே மடித்து வைக்கக்கூடிய மேசைதான் உதவி.

ஆகவே முதலில் தேவைப் பட்டியல். மஹல்லாவைத் தெரிந்த இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் மிக நல்லது, வீடுகளுக்குச் சென்று பேச வேண்டும். எத்தனை பேர் வசிக்கிறார்கள், இடம் எவ்வளவு, மின்சாரம் உண்டா, எந்தப் பொருள் இல்லாததால் அன்றாடம் அதிகம் சிரமப்படுகிறார்கள் என்று கேட்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் இருக்கும் பெயர்கள் ஓர் ஆரம்பம் மட்டுமே. பட்டியலில் பெயர் இல்லாத வறியவர்கள், குறிப்பாக நேற்று வரை நன்றாக வாழ்ந்து இன்று கேட்க வெட்கப்படுபவர்கள், எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதேபோல் பக்கத்து வீட்டு வறியவர் வேறு சமூகத்தவர் என்பதற்காகப் பட்டியலிலிருந்து விடுபடக் கூடாது. வெள்ளம் எல்லோர் வீட்டுக்குள்ளும்தான் புகுந்தது.

களஞ்சியம் வேண்டாம், பட்டியல் போதும்

அடுத்ததாக, கணக்குப் பார்ப்போம். ஒருவர் பழைய மர அலுமாரி ஒன்றை இலவசமாகத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டா லொறிக் கூலி 5,000 ரூபா. இரண்டாம் மாடியிலிருந்து இறக்கி ஏற்ற நாட்டாமைக் கூலி 2,000 ரூபா. கீல், பூட்டு, ஒரு கை பொலிஷ் 2,500 ரூபா. உரிய குடும்பம் கிடைக்கும் வரை இரண்டு மாதம் ஓர் அறையில் வைத்தால் வாடகையில் அதன் பங்கு 1,500 ரூபா. பிறகு மீண்டும் ஒரு லொறிக் கூலி 5,000 ரூபா. மொத்தம் 16,000 ரூபா. அதே போன்ற பாவித்த அலுமாரி ஒன்றைத் திருத்தி விற்கும் கடையில் அதைவிடக் குறைவாக வாங்க முடியுமானால், இந்த இலவச அலுமாரியால் நாம் நட்டப்பட்டிருக்கிறோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

இதே அலுமாரியைக் கொடுப்பவர் வீட்டிலேயே விட்டுவைத்து, தேவைப் பட்டியலில் ஆள் கிடைத்ததும் அன்றே அங்கிருந்து நேரே பெறுபவர் வீட்டுக்குக் கொண்டு போனால் ஒரு லொறிக் கூலியும் வாடகையும் மிச்சம். 16,000 ரூபா 9,500 ரூபாவாகிவிடும். இரண்டு மூன்று வீட்டுப் பொருட்களை ஒரே பயணத்தில் சேர்த்தால் இன்னும் குறையும். ஆகவே பொருளைச் சேகரிப்பதற்குப் பதிலாகப் பொருளின் விபரத்தைச் சேகரியுங்கள் என்பதே எனது ஆலோசனை. கையடக்கத் தொலைபேசியில் ஒரு படம், நீளம் அகலம் உயரம், எந்த நிலையில் இருக்கிறது, எத்தனையாம் மாடி, எவ்வளவு நாள் வைத்திருக்க முடியும் என்ற ஐந்து விபரம் போதும். வீடு மாறுபவர்களும் வெளிநாடு செல்பவர்களும் காத்திருக்க முடியாது. அவர்களுக்காக மட்டும் ஒரு கடையின் பின்னறையோ கராஜோ இருந்தால் போதுமானது. அதற்கும் காலக்கெடு வேண்டும். 60 நாளுக்குள் ஆள் கிடைக்காத பொருள் அந்த ஊருக்குத் தேவையற்ற பொருள் என்று முடிவெடுத்து, விற்றுக் காசாக்கிப் போக்குவரத்துச் செலவுக்குச் சேர்த்துவிடலாம்.

தரம் பிரித்தல்

வருகின்ற பொருளை மூன்றாகப் பிரிக்கலாம். அப்படியே கொடுக்கக்கூடியது, திருத்திக் கொடுக்க வேண்டியது, கொடுக்கக் கூடாதது. இதில் மூன்றாவதைச் சொல்வதற்குத்தான் மனத்துணிவு வேண்டும். கொண்டு வந்தவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக உடைந்ததை ஏற்றுக்கொண்டால், அந்த நோவை ஏழையின் வீட்டுக்குக் கடத்துகிறோம்.

மின்சாரப் பொருட்கள்: வயர், பிளக், சூடேறும் பாகம் ஆகிய மூன்றையும் ஒரு மின்னியலாளர் பார்க்காமல் எதையும் கொடுக்கக் கூடாது. 13 அம்பியர் சதுரப் பின் பிளக் நாட்டின் ஒரே தரமாக்கப்பட்ட பின்னரும் பழைய வீடுகளில் வட்டத் துளைச் சொக்கட்தான் இருக்கிறது. பிளக் பொருந்தாவிட்டால் வயரின் முனையைச் சீவி நேரே துளைக்குள் செருகும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குளிர்சாதனப் பெட்டி: இது கொடுப்பவருக்குப் பெரிய உதவியாகத் தெரியும். பெறுபவருக்கு மாதாந்தச் செலவாகலாம். பழைய பெட்டி நாளுக்கு ஒன்றரை அலகு மின்சாரம் எடுத்தால் மாதத்துக்கு 45 அலகு. நமது வீட்டு மின்கட்டணம் பாவனை அளவின்படி படிப்படியாக ஏறுகிறது. மாதம் 60 அலகுக்குள் வாழும் குடும்பத்துக்கு ஒரு கட்டணம், அதைத் தாண்டினால் வேறு கட்டணம். பெட்டி இலவசமாக வந்து மின்பட்டியல் இரண்டு மூன்று மடங்கானால் அந்தக் குடும்பம் அதை அணைத்து வைத்துப் பாத்திர அலுமாரியாகத்தான் பாவிக்கும். இன்சுலின் வைக்க வேண்டிய நோயாளி உள்ள வீட்டுக்கும், ஐஸ் பக்கட், தயிர் என்று விற்றுச் சம்பாதிக்கும் வீட்டுக்கும் அது உண்மையான உதவி. முதலில் கேட்டறிந்து கொடுக்க வேண்டும்.

எரிவாயு அடுப்பு: அடுப்பைக் கொடுக்கலாம், பழைய ரெகுலேட்டரையும் குழாயையும் கொடுக்கக் கூடாது. 2021 இறுதியில் நாடெங்கும் எரிவாயு வெடிப்புகள் நடந்த பின்னர் இதற்கு விளக்கம் தேவையில்லை. எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள புதியதை வாங்கி இணைத்தே கொடுக்க வேண்டும். சிலிண்டர் நிரப்பக் காசில்லாத வீட்டுக்கு அடுப்பைவிட நல்ல விறகடுப்பும் கனமான சட்டியும் மேல்.

மெத்தை, தலையணை: மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று தையல் ஓரங்களைப் பார்க்க வேண்டும். நெரிசலான குடியிருப்பில் ஒரு வீட்டுக்குள் அது போனால் சுவருக்குச் சுவர் பரவிவிடும். கறை படிந்த மெத்தையைக் கொடுப்பதை விடப் புதிய பாய் இரண்டு வாங்கிக் கொடுப்பது கண்ணியமானது.

பிள்ளைகளின் பொருட்கள்: பாவித்த பால் போத்தல், சூப்பான் வேண்டாம். தொட்டிலின் கம்பிகளும் பூட்டுகளும் உறுதியா என்று பார்க்க வேண்டும். பாடசாலைச் சப்பாத்து, புத்தகப்பை போன்றவை புதிய பாடசாலை ஆண்டு தொடங்க முன்பே போய்ச் சேர வேண்டும். போர்வை மழைக்கு முன் போக வேண்டும். சரக்குக்குப் பருவம் உண்டு என்பதை நாம் மறக்கலாமா?

பாத்திரங்கள்: எண்ணிக்கை முக்கியம். ஏழு பேருள்ள வீட்டுக்கு நான்கு பீங்கான் கொடுத்தால் யார் முதலில் சாப்பிடுவது என்ற கேள்வியையும் சேர்த்தே கொடுக்கிறோம். செட் நிறையவில்லை என்றால் நாமே வாங்கி நிறைத்துக் கொடுக்க வேண்டும்.

திருத்திக் கொடுக்க வேண்டியவற்றை ஊரிலுள்ள தச்சர், தையல்காரர், மின்விசிறி திருத்துபவர் ஆகியோரிடம் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டும். சும்மா செய்து தாருங்கள் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்களில் பலரும் கஷ்டப்படுபவர்களே. ஒரு குடும்பத்துக்குக் கட்டிலும் இன்னொரு குடும்பத்துக்கு ஒரு நாள் கூலியும் கிடைக்குமானால் செலவழித்த ரூபா இரண்டு முறை வேலை செய்ததாகும்.

கடையில் தேங்கிய சரக்கு

இனி நமது கடைகளுக்கு வருவோம். பெட்டி நசுங்கியது, நிறம் விற்காதது, செட்டில் ஒன்று உடைந்தது, மாதிரி பழையதானது என்று ஒவ்வொரு கடையிலும் சரக்கு இருக்கிறது. புதிய பொருள், பாவிக்கக்கூடிய பொருள், ஆனால் விற்பனைக்கு ஆகாது. பிரித்தானியாவில் 1996இல் அன்றைய இளவரசர் சார்ள்ஸ் ஆரம்பித்த இன் கைண்ட் டிரெக்ட் என்ற அமைப்பு இதற்கென்றே இயங்குகிறது. உற்பத்தியாளர்களிடமும் கடைகளிடமும் தேங்கும் சவர்க்காரம், துப்புரவுப் பொருள், வீட்டுப் பொருள் போன்றவற்றை வாங்கித் தொண்டு அமைப்புகளுக்கு அனுப்புகிறது. எந்த அமைப்புக்கு என்ன வேண்டும் என்று அந்த அமைப்புகளே தெரிவு செய்கின்றன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கேள்வியிலிருந்து தொடங்குவது என்று நான் சொன்னது இதைத்தான்.

நாம் இதைச் சிறிய அளவில் செய்யலாம். வருடத்தில் இரண்டு முறை கையிருப்பு எடுக்கும்போது ஒரு வருடத்துக்கு மேல் அசையாத சரக்கைத் தனியே எழுதுங்கள். பாதி விலைக்கும் போகாது என்று தெரிந்ததைத் தேவைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பொருந்துவதைக் கொடுங்கள், பொருந்தாததை மொத்தமாகத் தள்ளி விற்றுவிடுங்கள். கொடுத்ததைக் கையிருப்புப் புத்தகத்திலிருந்து கொள்விலையில் கழித்து, பெற்றுக்கொண்ட அமைப்பிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வரி விடயத்தில் இதை எப்படிக் காட்டுவது என்று உங்கள் கணக்காளரிடம் கேட்டுச் செய்யுங்கள். காலாவதித் திகதி தாண்டியதை, அல்லது இன்னும் சில நாளில் தாண்டப் போவதை, உதவி என்ற பெயரில் தள்ளிவிடுவது கொடையல்ல.

இங்கே மார்க்கம் சம்பந்தமான ஒரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். தேங்கிய சரக்கைக் கொடுத்துவிட்டு அதை ஸகாத் கணக்கில் எழுதுவதைச் சில இடங்களில் காண முடிகிறது. நமது நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி வியாபாரப் பொருட்களுக்கான ஸகாத் அவற்றின் பெறுமதியிலிருந்து, அதாவது பணமாகவே கொடுக்கப்பட வேண்டும். மாற்றுக் கருத்துகளும் உண்டு, ஆலிம்களிடம் கேட்டு முடிவெடுக்கலாம். எந்தக் கருத்தை எடுத்தாலும் விற்காத சரக்குக்கு முழு விலை போட்டுக் கணக்கை முடிப்பது நேர்மையாகாது. நமக்குத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டே வாங்கக்கூடிய மட்டமானதைத் தேடிக் கொடுக்க வேண்டாம் என்ற கருத்தை அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. இதைவிடத் தெளிவான தரக் கட்டுப்பாட்டு விதி வேறில்லை. நான் கொடுப்பது ஸதகா, ஸகாத் வேறு என்று இரண்டு பக்கமாக எழுதி வைத்தால் குழப்பமே இல்லை.

வரிசையில் நிறுத்த வேண்டாம்

2020 மே 21ஆம் திகதி கொழும்பு மாளிகாவத்தையில் நடந்ததை நம் சமூகம் மறக்கக் கூடாது. கொவிட் காரணமாக மக்கள் தொழிலின்றி இருந்த காலம், றமழானின் கடைசி நாட்கள். வர்த்தகர் ஒருவர் பணம் பகிர்ந்தளிக்கிறார் என்று கேள்விப்பட்டு மக்கள் திரண்டார்கள். நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள், மேலும் பலர் காயமடைந்தார்கள். நல்லது செய்ய நினைத்த இடத்தில் மூன்று ஜனாஸாக்கள்.

அன்று பகிரப்பட்டது பணம். ஆனால் பொருளானாலும் இதே ஆபத்துத்தான். வாசலில் கூட்டம் சேர்த்துக் கொடுக்கும் எந்த முறையிலும் பலமுள்ளவர் முன்னே வருகிறார், முதியவரும் கைக்குழந்தையுள்ள தாயும் பின்னே தள்ளப்படுகிறார்கள். உயிராபத்து வராவிட்டாலும் மானம் போகிறது. எத்தனையோ பேர் தேவை இருந்தும் அந்த வரிசையில் நிற்க மனமின்றி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கொடுக்கும்போது படம் எடுத்துப் போடும் பழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. வாங்குகின்ற பிள்ளை நாளை அதே ஊர்ப் பாடசாலைக்குப் போக வேண்டும்.

தேவைப் பட்டியலை வைத்து வேலை செய்தால் வரிசைக்கே இடமில்லை. எந்த வீட்டுக்கு எது என்று முன்பே தெரியும், பொருள் நேரே வீட்டுக்குப் போகிறது. பக்கத்து வீட்டாருக்கு அது ஒரு வீட்டுக்கு வரும் சாமான் லொறி மட்டுமே. துணிமணி, பாத்திரம் போன்ற சிறு பொருட்களை ஓர் அறையில் கடைபோல அடுக்கி, நேரம் கொடுத்து ஒரு நாளைக்கு ஐந்தாறு குடும்பங்களை மட்டும் வரச்சொல்லித் தாமே தெரிவு செய்ய விடலாம். தெரிவு செய்ய விட்டால் வீணாவது மிகவும் குறைந்துவிடுகிறது. பிடித்ததைத்தானே எடுத்துப் போகிறார்கள்.

முன்னர் குறிப்பிட்ட கூஞ்ச் அமைப்பு இந்த மானப் பிரச்சினைக்கு வேறொரு வழி கண்டது. 1999இல் டில்லியில் அன்ஷு குப்தா ஆரம்பித்த அமைப்பு இது. 2015இல் அவருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது. நகர வீடுகளின் உபரியைச் சேகரித்துத் தரம் பிரித்துக் கிராமங்களுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் சும்மா கொடுப்பதில்லை. கிராமத்தவர்கள் தங்களுக்குத் தேவையான ஒரு பொதுவேலையைத் தாங்களே தெரிவு செய்து, கிணறு வெட்டியோ பாதை திருத்தியோ முடித்த பின் அதற்கான வெகுமதியாகப் பொருள் பொதியைப் பெறுகிறார்கள். பாவிக்க முடியாத துணியைக்கூட வீசுவதில்லை. பருத்தித் துணி பெண்களின் மாதவிடாய் அணையாடையாகவும் கிழிந்த துணி போர்வையாகவும் பாடசாலைப் பையாகவும் மாறுகிறது. பிரான்ஸில் 1949இல் அபே பியர் என்ற பாதிரியார் ஆரம்பித்த எம்மாவுஸ் இயக்கமும் வீடற்றவர்களுக்குப் பழைய பொருட்களைத் திருத்தி விற்கும் வேலையைக் கொடுத்து, அந்த வருமானத்தில் அவர்களை வாழ வைத்தது. இரண்டிலும் பெறுபவர் கைநீட்டி நிற்பவராக அல்ல, உழைப்பவராக நிற்கிறார்.

நோயாளிக்கும் முதியவருக்கும் விதவைக்கும் வேலை செய்யச் சொல்லிக் கொடுக்க முடியாது, அவர்களுக்கு நேரே கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் உழைக்கக்கூடிய குடும்பங்களுக்கு, தரம் பிரிப்பதிலும் திருத்துவதிலும் லொறியில் ஏற்றுவதிலும் கூலிக்கு வேலை கொடுத்தால் இந்தப் பணியே ஒரு சிறு தொழிலாகிவிடும்.

ஒரு கணக்குப் புத்தகம்

கடைசியாக, கணக்கு. 160 பக்கக் கொப்பி ஒன்று போதும். இடப்பக்கம் வந்தது: திகதி, பொருள், நிலை, திருத்தச் செலவு. வலப்பக்கம் போனது: திகதி, குடும்பத்தின் இலக்கம், போக்குவரத்துச் செலவு. குடும்பத்தின் பெயரும் விலாசமும் வேறொரு கொப்பியில் ஒருவர் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும். கடைக்கு வருபவர் போகிறவர் எல்லாம் புரட்டிப் பார்க்கும் இடத்தில் ஓர் ஏழையின் பெயர் இருக்கக் கூடாது.

மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுக்கு ஒருமுறை சென்று பாருங்கள். பொருள் பாவனையில் இருக்கிறதா, பழுதா, விற்றுவிட்டார்களா என்று குற்றம் காணும் நோக்கமில்லாமல் கேட்டறியுங்கள். விற்றிருந்தால் கோபப்பட வேண்டாம். அந்தப் பொருளை விட அவர்களுக்கு அந்தப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது என்ற தகவல் அதில் இருக்கிறது. அது நமது தேவைப் பட்டியலின் பிழையைக் காட்டும் குறிப்பு. வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் பொருளிலிருந்து நாம் பாடம் படிப்பதில்லையா?

வர்த்தக சகோதரர்களே, சமூகம் நம்மிடம் எப்போதும் பணத்தைத்தான் கேட்கிறது. ஆனால் நம்மிடம் அதைவிட அரிதான ஒன்று இருக்கிறது. எந்தச் சரக்கு எங்கே, எப்போது, எந்தத் தரத்தில், எவ்வளவு செலவில் போய்ச் சேர வேண்டும் என்று கணக்கிடும் அறிவு. லொறிக்காரரைத் தெரியும், நாட்டாமைமாரைத் தெரியும், திருத்துபவரைத் தெரியும், சரக்கைக் கையிலெடுத்ததும் அதன் நிலை தெரியும். இந்த வாரமே ஒரு மஹல்லாவில் மூன்று வர்த்தகர்கள் சேர்ந்து ஒரு கொப்பி வாங்குங்கள். பத்துக் குடும்பங்களின் தேவையை எழுதுங்கள். பிறகு உங்கள் வீட்டிலும் கடைப் பின்னறையிலும் தேடுங்கள். முதல் பத்தில் பாதி அங்கேயே இருக்கும்.